சந்தா நின்றால் கோப்பைத் திறப்பது எப்படி?

அலுவலகத்துக்கு மென்பொருள் வாங்கப் போனால் இன்று முதல் கேள்வியே மாதச் சந்தாவா, ஆண்டுச் சந்தாவா என்பதுதான். ஒருமுறை பணம் கட்டி உரிமம் வாங்கும் வழக்கம் வேகமாகச் சுருங்கிவிட்டது. போட்டோஷாப், இன்டிசைன் தயாரிக்கும் அடோபி, புதிய பதிப்புகள் இனிச் சந்தாவுக்கு மட்டுமே என்று 2013 மே மாதம் அறிவித்தது. ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2016இல் அதே வழிக்கு வந்தது.

சந்தாவில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. முதலில் பெருந்தொகை புரட்ட வேண்டியதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரும். சில மாத வேலைக்கு அதுவே சிக்கனம். ஆனால் பலரும் விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, செய்து வைத்த வேலை என்ன ஆகும் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். இன்டிசைனில் வடிவமைத்த புத்தகத்தின் மூலக்கோப்பை அந்த மென்பொருள்தான் முழுமையாகத் திறக்கும். சந்தா முடிந்தபின் கோப்பு நம் கணினியிலேயே இருக்கும். ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. அதனால் சந்தா இருக்கும்போதே ஒவ்வொரு கோப்பையும் ஐடிஎம்எல் வடிவத்திலும் சேமித்துக்கொள்ள வேண்டும். இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் அதை ஏற்கும். பக்க அமைப்பு சற்றுக் கலையலாம், உள்ளடக்கம் தப்பிவிடும்.

ஒருமுறை உரிமமும் காலத்துக்கும் காப்பாற்றாது. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவை நிறுத்தியது. அவை இயங்கும், புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க யாரும் இல்லை.

இலவச மாற்று என்றதும் லிப்ரே ஆபீஸ் நினைவுக்கு வரும். அதன் கோப்பு வடிவமான ஓடிஎஃப் 2006 முதல் சர்வதேசத் தரம் என்பதால் எந்த நிறுவனமும் அதைப் பூட்டிவைக்க முடியாது. என்னைக் கேட்டால், விலை இல்லை என்பதைவிட இதுதான் பெரிய லாபம். மாறுவது மட்டும் எளிதன்று. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பல ஆண்டுகள் லினக்ஸில் இயங்கிவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. பிரான்சின் ஜாந்தார்மரி காவல்படை நிதானமாகப் போனது. 2005இல் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, லிப்ரே ஆபீஸின் முன்னோடியான ஓப்பன் ஆபீஸுக்கு மாறியது. ஊழியர்களுக்குக் கை பழகிய பிறகு, 2008இல்தான் லினக்ஸ் வகையான உபுண்டுவுக்குப் போகத் தொடங்கியது.

சிறிய அலுவலகங்களுக்கும் அந்த வரிசையே ஏற்றது. கடிதமும் சுற்றறிக்கையும் தட்டச்சு செய்யும் மேசைகளில் தொடங்கலாம். எக்செல் மேக்ரோக்களை நம்பி நடக்கும் கணக்குப் பிரிவைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள்.