உயிர்க்கடன் – 7: தொப்புளைச் சுற்றி 14 ஊசி

மடுகரையில் எங்கள் தெருமுனை ஆயாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. போன மாதம் அவர் பேரனை நாய் கடித்துவிட்டது. கையில் ஊசி போட்டுக்கொண்டு வந்து நின்றவனிடம், "கையிலயேவா போட்டாங்க? அவ்ளோதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"எனக்குத் தொப்புளச் சுத்திப் பதினாலு தம்பி. தெனம் எங்கப்பா தூக்கிக்கிட்டுப் போவாரு. கடைசியில ஊசி எறக்க எடமே இல்ல, வயிறு கல்லு மாதிரி கெடந்துச்சு." சொல்லும்போதே அவர் கை புடவைக்கு மேல் வட்டமாகச் சுற்றி வந்தது. அறுபது வருடம் கழித்தும் அந்த இடங்கள் கைக்குத் தெரிந்திருக்கின்றன.

அந்த மருந்து ஆட்டு மூளையில் செய்தது என்றேன். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எனக்கோசரம் ஒரு ஆடு செத்துதா?" என்றார்.

ஆமாம், செத்தது. எப்படி என்று சொல்ல வேண்டியது என் கடமை.

1885-இல் பாரிசில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு, நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்தைப் போடவைத்தார். பையன் பிழைத்தான். நம் நாட்டில் 1900-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இந்தச் சிகிச்சை தொடங்கியது. தெற்கே கடிபட்டவர்கள் அவ்வளவு தூரம் ரயிலேற வேண்டியிருந்தது. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம்-வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநோயில் இறந்த பிறகுதான் குன்னூரில் ஒரு நிலையம் வேண்டும் என்ற முயற்சி வலுத்தது. 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறந்தது.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் கண்ட முறையில் நம் நாட்டில் மருந்து செய்தது இப்படித்தான்: ஆட்டின் மூளைக்குள் வெறிநோய்க் கிருமியைச் செலுத்துவார்கள். ஆடு முடங்கிச் சாய்ந்ததும் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, ஃபீனால் கலந்து கிருமியைச் சாகடிப்பார்கள். அந்தக் கரைசல்தான் ஆயாவின் வயிற்றில் இறங்கியது. மலிவு என்பதால் நாடு முழுக்கப் பரவியது. லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதில் நரம்புத் திசு கலந்திருந்தது. அதனால் சிலருக்கு உடலே தன் நரம்புகளைத் தாக்கி, கை கால் விழுந்தது. காப்பாற்ற வந்த ஊசியே முடக்கியது.

உயிரணுக்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துச் செய்யும் தடுப்பூசி 1970-களிலேயே வந்துவிட்டது. ஐந்தாறு ஊசி, அதுவும் கையில். ஆட்டைக் கொல்ல வேண்டாம், முடங்கும் பயமும் அநேகமாக இல்லை. ஆனால் விலை அதிகம். காசுள்ளவர்கள் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்களுக்கு ஆட்டு மூளை மருந்துதான். இந்தியா அதைக் கைவிட்டது 2004 டிசம்பரில். அத்தனை வருடமும் ஏழையும் ஆடும் சேர்ந்தே பட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இத்தனைக்கும் சட்டம் இருந்தது. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி தந்ததும் திரும்பப் பெற்றார். 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அது சோதனைகளைத் தடை செய்யவில்லை. தவிர்க்க முடிகிற இடத்தில் தவிர்க்கச் சொன்னது. மருத்துவக் கல்லூரியில் புத்தகமும் மாதிரி உருவமும் படச்சுருளும் போதுமென்றால் விலங்கைத் தொடாதே என்றது. பெரிய விலங்குக்குப் பதில் சிறியது போதுமா என்று பார்க்கவும் சொன்னது.

அந்தச் சிறிய விலங்கின் கதை முடியவில்லை. புதிய தடுப்பூசிக்கு ஆடு தேவையில்லை, ஆனால் அதன் வீரியத்தை அளக்க நெடுங்காலமாக இருப்பது சுண்டெலிச் சோதனை. எலிகளுக்குத் தடுப்பூசி போட்டு, இரண்டு வாரம் கழித்து மூளைக்குள் நேராக வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். மருந்திலுள்ள கிருமிப் புரதத்தைச் சோதனைக் குழாயிலேயே அளக்கும் முறை வந்திருக்கிறது. மருந்து செய்கிறவர்களும் அனுமதி தருகிறவர்களும் அதற்கு மாற வேண்டும். ஆட்டுக்குச் செய்ததுபோல் தாமதிக்கக் கூடாது.

ஆயாவின் பேரனுக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி. உங்கள் வீட்டில் யாரையாவது நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு ஊசியையும் விடாதீர்கள்.