வாழ்க்கைத் துணையும் தோழமையும்

மணந்துகொண்டவரே நமக்குத் தலையாய நண்பராகவும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்து இந்நாளில் பெரிதும் பரவி வருகிறது. மணநாள் வாழ்த்துகளில் இதனை அடிக்கடி காண்கிறோம். ஆங்கிலத்தில் எளிதாக வழங்கும் அத்தொடரைத் தமிழில் பெயர்க்கப் புகுந்தால் மட்டும் சிறிது தயக்கம் உண்டாகிறது. 'என் கணவரே என் உயிர்த்தோழர்' என்று எழுதிவிடலாம். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் தமிழ் இவ்விரண்டு உறவுகளுக்கும் தனித்தனி இருக்கை இட்டு வைத்த மொழி. ஒன்றை எடுத்து மற்றொன்றின்மேல் வைக்கும்போது இருக்கை ஆடத்தான் செய்கிறது. தமிழகத்திற்கு வெளியே குடும்பம் நடத்தும் நம்மனோர்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று; ஆகவேதான் இதனைப் பேசத் துணிகிறோம்.

திருவள்ளுவர் இல்லாளைப் பற்றிய அதிகாரத்திற்கு 'வாழ்க்கைத் துணைநலம்' என்று பெயரிட்டு, அதனை அறத்துப்பாலில் ஆறாம் அதிகாரமாக வைத்தார். நட்பையோ பொருட்பாலில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களில் விரித்தார். அவற்றுள் ஒன்று 'நட்பாராய்தல்'. நண்பரைத் தேர்வதற்கு முன் ஆராய வேண்டும் என்பதற்கே ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். நம் வீட்டுத் திருமணங்களிலோ பெரும்பாலும் ஆராய்ந்தவர் பெரியோர், வாழ்ந்தவர் நாம். பாரதியாரும் கண்ணன் பாட்டில் ஒரே கண்ணனைத் தோழனாகவும் காதலனாகவும் கண்டார். ஆனால் இரண்டிற்கும் தனித்தனிப் பாட்டே இயற்றினார்.

தொல்காப்பியம் சொல்லும் செய்தி இன்னும் சுவையானது. கணவன் மனைவியரிடையே பிணக்கு நேரும்போது இடைநின்று பேசுவோரை அந்நூல் 'வாயில்கள்' என்று அழைக்கிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என அவர் பன்னிருவர். இங்கே பாட்டி என்பது பாடினியைக் குறிக்கும். நம் வீட்டுப் பாட்டியை அன்று. இரண்டு பேர் கூடி வாழும் வாழ்க்கைக்குப் பன்னிரண்டு வாயில்கள்! வழியே போகிறவர்கூடப் பட்டியலில் இடம் பெற்றுவிட்டார். ஊடியிருக்கும் மனைவி, விருந்தினர் வந்ததும் முகம் மலர்ந்து அடுக்களைக்குள் செல்வதும், அந்தச் சாக்கில் கணவன் தப்பித்துக்கொள்வதும் பழம்பாட்டுகளில் வரும் காட்சி. இன்றும் எத்தனையோ வீடுகளில் விருந்தினர் இப்பணியைக் கூலியின்றிச் செய்து வருகின்றனர்.

இப்பன்னிருவருள் முதலாக வைக்கப்பட்டவள் தோழி. அவள் செவிலியின் மகள். தலைவியோடு ஒருங்கு வளர்ந்தவள். மருதத்திணைப் பாடல்களில், பரத்தை வீடு சென்று மீண்டு வரும் தலைவனை வாசலிலேயே தடுத்து, 'உள்ளே வராதே' என்று மறுப்பவள் அவளே. இது நாம் நின்று நோக்க வேண்டிய இடம். தலைவி சொல்ல இயலாததைத் தலைவனிடம் சொல்வது தோழியின் கடமை. இக்கடமையைத் தலைவனே ஏற்றுச் செய்வது எங்ஙனம்? ஒருவர்மீது உள்ள மனக்குறையை அவரிடமே சொல்லி, அவராலேயே ஆறுதல் பெற்று, அவரிடமே அவரைப் பற்றி யோசனையும் கேட்பது ஓரிரு நாள் நடக்கலாம். வாழ்நாள் முழுவதும் நடவாது.

கணவன் மனைவியரிடையே நட்பு கூடாது என்பது நம் கட்சி அன்று. நட்பு நம் மரபிற்கு அயலானதும் அன்று. ஏழடி எடுத்து வைக்கும் வைதிகச் சடங்கில் ஏழாம் அடி நட்பைக் குறித்தே சொல்லப்படுகிறது. மாமன் மகளும் அத்தை மகனும் மணந்துகொண்ட குடும்பங்களில் கேலியும் கிண்டலும் மணத்திற்கு முன்பே உரிமையாக இருந்தன; பாண்டி ஆடிய இருவர் பின்னர்ப் பந்தியில் அருகருகே அமர்ந்தனர். ஆனால் இடைக்காலத்தில் வயது இடைவெளி நட்பிற்குப் பெருந்தடையாக நின்றது. 1929-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 18 வயதும் நிரம்பினால் போதும் என்றது. 1978-இல்தான் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வரம்பு உயர்ந்தது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு மூத்த கணவரைப் பெயர் சொல்லி அழைக்கவும் அஞ்சிய பெண், அவரிடம் தோழமை கொள்வது எப்படி? மரியாதை இருந்தது, பரிவும் இருந்தது. ஒத்த நிலையில் அமர்ந்து பேசுவது அரிதாக இருந்தது. இன்று இருவரும் படித்தவர், இருவரும் சம்பாதிப்பவர், பெயர் சொல்லி அழைத்துக்கொள்பவர். நட்பிற்கு நிலம் பண்பட்டிருக்கிறது. அதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. ஊரை விட்டு வரும்போது நாம் அண்டாவையும் குத்துவிளக்கையும் கொண்டுவந்துவிடுகிறோம். பன்னிரண்டு வாயில்களைக் கொண்டுவர இயலுவதில்லை. தில்லியில் ஓர் அரசுக் குடியிருப்பிலோ, மும்பையில் நான்காம் மாடியில் ஓர் அறைக்குள்ளோ புதுக்குடித்தனம் தொடங்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். காய்கறிக்காரரிடம் பேசும் அளவிற்கு இந்தியோ மராத்தியோ வருவதற்கே ஆறு மாதம் ஆகும். மனத்திலுள்ளதைச் சொல்லும் அளவிற்கு வருவதற்கு எத்தனை ஆண்டு ஆகுமோ! கணவருக்கு அலுவலகத்தில் உடன்பணியாளர் உண்டு, தேநீர் வேளை உண்டு, இரயிலில் நாள்தோறும் உடன்வருவோர் உண்டு. மாலையில் வீடு திரும்பும் அவரே அவளுக்குத் தாயும் தோழியும் அண்டை வீட்டு அக்காளும் ஆக வேண்டியிருக்கிறது. அவரோ களைத்து வருகிறார். அவர் பேசாதிருந்தால் அது அன்பின்மையாகத் தோன்றுகிறது. அவள் பேசிக்கொண்டே இருந்தால் அது தொணதொணப்பாகத் தோன்றுகிறது. இருவரும் குற்றமற்றவர், பன்னிருவர் சுமந்ததை ஒருவர் சுமக்கிறார், அவ்வளவே.

'நான் இருக்கும்போது உனக்கு வேறு சிநேகிதம் எதற்கு?' என்று சிலர் அன்பாகவே கேட்பதுண்டு. அன்பாகக் கேட்டாலும் அக்கேள்வி ஒரு கதவை அடைக்கிறது. அன்பில்லாத வீட்டில் அதே கேள்வி தாழ்ப்பாளாகவே ஆகிவிடும். குடும்ப வன்முறையினின்று பெண்களைக் காக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. ஆயினும் சட்டத்தை நாடுமுன் ஒருத்தி யாரிடமாவது முதலில் வாய்திறக்க வேண்டும். அந்த 'யாராவது' இல்லாத ஊரில் துன்பம் நான்கு சுவர்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. தொலைபேசியில் அம்மா நாள்தோறும் முகம் காட்டுகிறார் என்பது உண்மையே. ஆனால் தொலைவில் இருக்கும் தாய் கவலைப்படுவாளே என்று மறைப்பதுதான் மகள்களின் இயல்பு. அண்டை வீட்டாரிடம் மறைப்பது அவ்வளவு எளிதன்று. அழுத கண்ணை அவர்கள் காலையிலேயே பார்த்துவிடுவார்கள்.

ஆண்களின் நிலையும் மேலானதாகத் தோன்றவில்லை. அலுவலக நட்பில் பெரும்பகுதி ஓய்வுபெறும் நாளில் மாலையோடும் கைக்கடிகாரத்தோடும் முடிந்துவிடுகிறது. அதன்பின் மனைவி ஒருத்தியே உலகம் என்றிருந்தவர், அவளையும் இழக்க நேரும்போது இரட்டை இழப்பிற்கு ஆளாகிறார். மனைவி போனாள் என்று சொல்லி அழுவதற்கு உரிய நண்பரும் அவளே அன்றோ? இத்தகைய முதியோரைத் தில்லியிலும் கொல்கத்தாவிலும் கோயில் மண்டபங்களில் நாம் காண்கிறோம். பேச்சுத் துணை கிடைத்தால் பூசை முடிந்து இரண்டு மணி நேரமாயினும் எழமாட்டார்கள்.

முன்னோடியாக வந்த தமிழர் இதனை உணர்ந்திருந்தார்கள் போலும். சென்ற இடமெல்லாம் ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு சபை என்று அமைத்துக்கொண்டார்கள். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றியது. மாதுங்காவிலும் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்திலும் காப்பிப்பொடிக் கடை வாசல்கள்கூடச் சங்கங்களாகவே இயங்கின. நாடகமும் கச்சேரியும் அங்கே ஒரு காரணம். பன்னிரு வாயில்களுள் சிலவற்றையேனும் மீண்டும் திறந்து வைத்தது உண்மைப் பயன். ஆயினும் தமிழரோடு மட்டுமே பழகுவது என்று இருந்துவிடுதலும் குறையே. எதிர் வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணியிடம் அரைகுறை இந்தியில் தொடங்கிய பழக்கம், பிரசவ நேரத்தில் உற்றார் வந்து சேருமுன் உதவியாக வந்து நின்ற வீடுகள் பல. தோழமைக்கு இலக்கண சுத்தம் தேவைப்படுவதில்லை.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. நண்பர் நம்மை நம்பிச் சொன்ன மறைபொருளை நாம் வாழ்க்கைத் துணைவரிடம் சொல்லலாமா? 'எங்களுக்குள் ஒளிவுமறைவே கிடையாது' என்று பெருமை பேசும் தம்பதியர் பலர். அவர்களிடம் எதையும் நம்பிச் சொல்ல மற்றவர்கள் அஞ்சுவதை அவர்கள் அறிவதில்லை. நம் வீட்டு வரவுசெலவையும் உடல்நலத்தையும் பிள்ளைகளைப் பற்றிய முடிவையும் துணைவரிடம் மறைத்தல் தகாது. ஆனால் தோழி தன் கணவரைப் பற்றிச் சொல்லி அழுத செய்தி நம்முடைய சொத்து அன்று. அது அவள் கொடுத்து வைத்த அடைக்கலப் பொருள். அதனை இரவுச் சாப்பாட்டில் பரிமாற நமக்கு உரிமை இல்லை. மனைவியின் தோழி வந்திருக்கும்போது கணவர் வணக்கம் கூறி, நலம் விசாரித்துவிட்டு, செய்தித்தாளோடு உள்ளறைக்குச் செல்வாராயின், அவள் போனபின் 'என்ன சொன்னாள்?' என்று கேளாதிருப்பாராயின், அவ்வீட்டில் நட்பு இருக்கிறது என்று நாம் தயங்காமல் சொல்வோம். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போவாராயின் இன்னும் நன்று.