ரூட்டர் தப்பா வழி சொன்னா என்ன ஆகும்?



நாம் கம்ப்யூட்டரில் தட்டும் முகவரி எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறது? எனக்கு ரொம்ப நாளா இந்தச் சந்தேகம். தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

இணையம் ஒரே கம்பெனியின் சொத்து இல்லை. பல்லாயிரம் நெட்வொர்க்குகள் சேர்ந்ததுதான் இணையம். ஒவ்வொன்றின் எல்லையிலும் நிற்கும் ரூட்டர், "இந்த முகவரிகளுக்கு என் வழியா வாங்க" என்று பக்கத்து நெட்வொர்க்குக்கு அறிவிக்கும். இந்த முறைக்குப் பி.ஜி.பி. என்று பெயர். அறிவிப்பு உண்மையா, பொய்யா என்று சோதிக்கும் வசதி அதற்குள்ளே கிடையாது. அங்கேதான் சிக்கல்!

2008 பிப்ரவரி 24. யூடியூபைத் தடுக்கச் சொல்லிப் பாகிஸ்தான் அரசு உத்தரவு போட்டிருந்தது. அதன்படி பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 256 முகவரிகளுக்குத் தன் ரூட்டரில் போலி வழி ஒன்றைப் போட்டது. அந்த அறிவிப்பு நாட்டுக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் மேலே இணைப்புக் கொடுத்த பி.சி.சி.டபிள்யூ. நெட்வொர்க்குக்கும் போய்விட்டது. அவர்களும் சரிபார்க்காமல் உலகத்துக்கே சொல்லிவிட்டார்கள்.

யூடியூபும் தன் வழியை அறிவித்திருந்ததே, அது என்னாச்சு? அது 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. ரூட்டரின் விதியோ, சின்னத் தொகுதியைத் துல்லியமாகச் சொல்பவருக்கே முதலிடம் என்பது. வெறும் 'மதுரை' என்பதைவிடத் தெருப் பெயரும் சேர்த்துச் சொன்னால் தபால்காரர் அதைத்தானே பிடித்துக்கொள்வார்? அதனால் உலகின் பல இடங்களிலிருந்து யூடியூபுக்குப் போக வேண்டியதெல்லாம் பாகிஸ்தான் பக்கம் திரும்பியது. சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் பலருக்குக் கிடைக்கவே இல்லை.

இதைத் தடுக்க முடியுமா? முடியும். ரூட்டரில் ஒரு பட்டியல் எழுத வேண்டும். 'எனக்குச் சொந்தமான முகவரிகளை மட்டும் மேலே சொல். மற்ற எதையும் சொல்லாதே.' அவ்வளவுதான்! பட்டியல் இல்லாவிட்டால் பல ரூட்டர்கள் ஒரு பக்கம் கேட்டதையெல்லாம் மறுபக்கம் சொல்லிவிடும். மேலே உள்ள நெட்வொர்க்கும், 'இந்த வாடிக்கையாளரிடமிருந்து இந்த முகவரிகளை மட்டுமே ஏற்பேன்' என்று இன்னொரு பட்டியல் வைக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் மற்றவர் பிடித்துவிடலாம். 2008இல் இரண்டு காவலும் இல்லாமல் போனதுதான் கோளாறு. முகவரி யாருக்குச் சொந்தம் என்று கையெழுத்திட்டுக் காட்டும் ஆர்.பி.கே.ஐ. முறையும் இப்போது இருக்கிறது.

கேட்டதையெல்லாம் ஊருக்குச் சொல்லக் கூடாது என்பது நமக்கு மட்டுமில்லை, ரூட்டருக்கும்தான்!

யோசிங்க: /24 என்றால் 256 முகவரிகள், /22 என்றால் 1,024. அப்படியானால் /20 என்றால் எத்தனை? கணக்கு சாரிடம் கேட்காமல் நீங்களே போட்டுப் பாருங்க!