லிப்பே பள்ளத்தாக்கின் சைக்கிள் பாதைகள்: காடு யாருக்கு, வழி யாருக்கு?

ஜேர்மனியின் ஹம் நகரின் கிழக்கு எல்லையில் உள்ள ஊன்ட்றொப், உலகத் தமிழர்களுக்கு ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் ஊராகவே அறிமுகமானது. ஆனால் அவ்வூரை ஒட்டி ஓடும் லிப்பே நதியின் பள்ளத்தாக்கு, உள்ளூர் மக்களுக்கு முதன்மையாக ஒரு சைக்கிள் வழி. ஆற்றோர மரங்களுக்கும் வெள்ளச் சமவெளியின் புல்வெளிகளுக்கும் இடையே செல்லும் அந்த வழிகள் அமைதியானவையாகத் தோன்றினாலும், காட்டிலும் ஆற்றங்கரையிலும் யார், எங்கே சைக்கிளில் செல்லலாம் என்ற கேள்வி ஜேர்மனியில் மூன்று தசாப்தங்களாக அரசியல் சர்ச்சையாக நீடித்து வருகின்றது.

படை சென்ற வழி

பாட் லிப்ஸ்பிறிங்கே என்ற ஊரில் ஊற்றெடுக்கும் லிப்பே, சுமார் 220 கிலோமீற்றர் மேற்கு நோக்கி ஓடி வேசல் நகரில் றைன் நதியுடன் கலக்கின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் றோமானியப் படைகள் ஜேர்மானிய நிலங்களுக்குள் நுழைவதற்கு இந்த நதியையே விநியோகப் பாதையாகப் பயன்படுத்தின. ஹால்ரேன், ஓபறாடன் முதலிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட முகாம்கள் இதற்குச் சான்று.

அந்த வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, டெற்மோல்ட் நகரில் இருந்து சன்டன் நகர் வரை ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமான 'றோமர் - லிப்பே' சைக்கிள் பாதை 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஹம் நகருக்குள், ஓபவெரீஸ் மாளிகைக்கு அருகே இப்பாதை ஆற்றைக் கடக்கும் இடத்தில் 'லூப்பியா' என்ற சிறு படகு உள்ளது. அதற்கு ஓட்டுநர் கிடையாது. பயணிகளே சங்கிலியை இழுத்து, தமது சைக்கிள்களுடன் மறுகரையை அடைய வேண்டும்.

ஆயினும் லிப்பே பள்ளத்தாக்கு பெரும்பாலும் சமதரையானது. மவுண்டன் பைக் எனப்படும் மலைச் சைக்கிளை ஓட்டுபவர்கள், செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளைத் தேடித் தெற்கே ஆர்ன்ஸ்பேர்க் காட்டுக்கும் சவர்லாந்து மலைகளுக்கும் செல்கின்றனர். சர்ச்சை கூர்மையடைவதும் அத்தகைய பாதைகளிலேயே. ஆனால் ஆற்றங்கரையை ஒட்டிய காட்டுக்கும் மலைக்காட்டுக்கும் பொருந்தும் சட்டம் ஒன்றே.

தனியார் காடு, பொது உரிமை

இந்தச் சட்டம் தமிழ் வாசகர்களுக்குச் சற்று வியப்பளிக்கக் கூடியது. தமிழ்நாட்டில் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும், இலங்கையில் 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டமும் காட்டை முதன்மையாக அரசின் சொத்தாகவே நோக்கின. ஒதுக்குக் காட்டுக்குள் நுழைய அனுமதி தேவை என்பதே அங்கு பொது விதி. 2018 மார்ச் மாதத்தில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னர், தமிழ்நாட்டில் இந்த அனுமதி முறை மேலும் ஒழுங்குபடுத்தப்பட்டது.

ஜேர்மனியின் நிலை வேறு. 2012ஆம் ஆண்டின் தேசிய வனக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் காடுகளில் 48 சதவீதம் தனியாருக்குச் சொந்தமானவை. ஊன்ட்றொப் அமைந்துள்ள வட றைன் - வெஸ்ற்பாலியா மாநிலத்தில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். ஆனால் உரிமையாளர் யாராக இருந்தாலும், ஓய்வுக்காகவும் உலாவுவதற்காகவும் காட்டுக்குள் நுழையும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று 1975ஆம் ஆண்டின் கூட்டாட்சி வனச் சட்டம் கூறுகின்றது. சைக்கிள் ஓட்டுவதற்கும் அதே சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் வீதிகளிலும் வழிகளிலும் மாத்திரமே ஓட்டலாம், நேரக்கூடிய ஆபத்துக்கு ஓட்டுபவரே பொறுப்பு என்பவை அதன் நிபந்தனைகள்.

இங்கு நிலத்தின் உடைமை வேறு, அதனூடே செல்லும் உரிமை வேறு. இரண்டுக்கும் இடையிலான எல்லையை எங்கே வரைவது என்பதில்தான் பிணக்கு.

இரண்டு மீற்றர் விதி

'வழி' என்றால் எது? கூட்டாட்சிச் சட்டம் இதனை விரிவாக வரையறுக்காமல் மாநிலங்களுக்கு விட்டுள்ளது. பாடன் - வூற்றம்பேர்க் மாநிலம் 1995ஆம் ஆண்டு, இரண்டு மீற்றருக்குக் குறைந்த அகலம் கொண்ட காட்டுவழிகளில் சைக்கிள் ஓட்டுவதைத் தடை செய்தது. மலைச் சைக்கிள் விரும்பிகள் நாடும் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை இதனால் தடைக்குள் வந்தன. இவ்விதியை நீக்கக் கோரிய மனுவில் 50,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட போதிலும், மாநில நாடாளுமன்றம் அதனை ஏற்கவில்லை.

ஹெசன் மாநிலத்தில் நிகழ்ந்தது வேறு. அங்கு 2012ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்ட சட்ட வரைவுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்ததை அடுத்து, காட்டு உரிமையாளர்களும் விளையாட்டு அமைப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினர். மறு ஆண்டு நிறைவேறிய சட்டத்தில் அகலத்தை மீற்றரில் அளக்கும் விதி இடம்பெறவில்லை.

வட றைன் - வெஸ்ற்பாலியாவில் சட்டம் 'உறுதியான வழிகள்' என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றது. கல்லோ தாரோ இடப்படாத, இயற்கையாகவே இறுகிய மண்பாதையும் உறுதியான வழியாக இருக்கலாம் என்று கொலோன் நிர்வாக நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு விளக்கமளித்தது. ஒரு சொல்லுக்கு அளிக்கப்படும் பொருளே ஒரு பாதை திறந்திருப்பதையும் மூடப்படுவதையும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இச்சர்ச்சையில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அனுமதியின்றி மண்மேடுகளும் பாய்ச்சல் தளங்களும் அமைக்கப்படுவதாகவும், இரவில் விளக்குகளுடன் செல்வோர் வனவிலங்குகளைக் கலைப்பதாகவும், விபத்து நேர்ந்தால் பொறுப்புத் தம்மீது சுமத்தப்படலாம் என்றும் காட்டு உரிமையாளர்கள் கவலைப்படுகின்றனர். பாதையின் அகலத்துக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லை, தடைகள் மக்களை மறைவான வழிகளுக்கே தள்ளும் என்பது சைக்கிள் தரப்பின் வாதம். 2023ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த புதிய கூட்டாட்சி வனச் சட்ட வரைவு இந்த விவாதத்தை மீண்டும் கிளப்பியது. எனினும் 2024 நவம்பரில் பெர்லினில் ஆளும் கூட்டணி சிதைந்ததால் அந்த வரைவு சட்டமாகவில்லை.

நதிக்கும் ஒரு பங்கு

லிப்பே பள்ளத்தாக்கில் மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. அது நதியே. 1914ஆம் ஆண்டு ஹம் நகரை எட்டிய கால்வாயும், அனல் மின்நிலையமும், 1989ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தோரியம் அணு உலையும் இப்பள்ளத்தாக்கை ஒரு தொழிற்துறை வலயமாக்கியிருந்தன. நதி நேராக்கப்பட்டு, அதன் கரைகள் கற்களால் இறுக்கப்பட்டன.

2005ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'லைஃப்' நிதியுதவியுடன் ஹம் பகுதியில் இந்தக் கற்கள் அகற்றப்பட்டு, வெள்ளம் பரவுவதற்கான நிலம் நதிக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. அரிக்கப்படும் செங்குத்துக் கரைகளில்தான் மீன்கொத்தி கூடமைக்கும். ஈரப் புல்வெளிகளே தரையில் முட்டையிடும் பறவைகளின் இருப்பிடம். இதன் காரணமாக, இயற்கைப் பாதுகாப்பு வலயத்துக்குள் குறிக்கப்பட்ட வழியை விட்டு விலகுவதற்கு நடப்பவருக்கும் உரிமை இல்லை, சைக்கிள் ஓட்டுபவருக்கும் இல்லை.

தமிழர்களுக்கு உள்ள தொடர்பு

இந்தப் பேரம் ஊன்ட்றொப் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1989ஆம் ஆண்டு ஹம் நகரில் ஒரு நிலவறையில் தொடங்கிய அம்பாள் வழிபாடு, தேர்த்திருவிழாவாக வளர்ந்தபோது போக்குவரத்து நெரிசலும் அயலவர் முறைப்பாடுகளும் எழுந்தன. நகர நிர்வாகத்துடனான பேச்சுக்களின் பின்னர் ஊன்ட்றொப் தொழிற்துறை வலயத்தில் இடம் கிடைத்தது. 2002 ஜூலையில் புதிய ஆலயத்தின் குடமுழுக்கு நடந்தேறியது. இன்று ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் சூழ அம்பாள் தேரேறி வலம் வருவது பொது வீதியில். தீர்த்தமாடுவது பொதுக் கால்வாயில். மனை கோயிலுக்குச் சொந்தம். வீதியும் நீரும் அனைவருக்கும் பொது. அவற்றைப் பயன்படுத்தும் உரிமை பேசிப் பெறப்பட்டது.

புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் இன்று இதே பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டி வளர்கின்றனர். அவர்களது பெற்றோர் பலர் காட்டை அஞ்சத்தக்க இடமாகவோ, அதிகாரிகளின் அனுமதி வேண்டிய இடமாகவோ அறிந்தவர்கள். ஜேர்மனியில் காட்டுவழி குடியுரிமை பாராது எல்லோருக்கும் உரியது. ஆனால் அதன் விதிகள் மாநிலப் பேரவைகளிலும் நகரசபைகளிலும் தொடர்ந்து திருத்தப்படுகின்றன.

வனச் சட்ட மாற்றம் மீண்டும் எப்போது முன்வைக்கப்பட்டாலும், காட்டு உரிமையாளர் சங்கங்களும் இயற்கை ஆர்வலர்களும் மலைச் சைக்கிள் அமைப்புகளும் மேசைக்கு வருவது உறுதி. ஹெசனில் மீற்றர் அளவு விதியைத் தடுத்தது அந்த மேசைதான். வார இறுதிகளில் லிப்பே கரையைப் பயன்படுத்தும் தமிழ்க் குடும்பங்களும் அங்கு குரல் கொடுக்குமா என்பதே இனி எழும் கேள்வி.