டயர் பெருத்தால் பொறுப்பு யாருக்கு?

தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரியான வண்டியை எடுத்தவர்களில் பலர் முதல் சர்வீஸுக்கு முன்பே டயர் கடைக்குப் போய்விடுகிறார்கள். கம்பெனி டயர் ஒல்லியாகத் தெரிகிறது, வண்டி இன்னும் உயரமாக நின்றால் நன்றாக இருக்கும், காடு மேடு ஏற வேண்டுமென்றால் பெரிய டயர்தானே வேண்டும் என்ற எண்ணம். இந்த எண்ணத்தில் பாதி பொறியியல் ரீதியாகவே தவறு. மீதிப் பாதியில் ஒரு சட்டச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. தயாரிப்பாளர் அந்த வண்டிக்கென்று சோதித்து ஒப்புதல் வாங்கிய அளவுக்குள் இருக்கும்வரை, டயரால் வரும் கேட்டுக்குப் பதில் சொல்லத் தயாரிப்பாளர், விற்பனையாளர், காப்பீட்டு நிறுவனம் என்று ஒரு வரிசையே இருக்கிறது. அளவை மீறிய அன்று அந்த வரிசை கலைந்து, பொறுப்பில் பெரும்பகுதி வண்டி உரிமையாளர் தலையில் வந்து இறங்குகிறது. கரடுமுரடான பாதைக்கு உண்மையில் தேவைப்படும் பலனில் பெரும்பகுதியை அளவை மீறாமலே பெறலாம் என்னும்போது, இது நஷ்டக் கணக்கு.

முதலில் அந்தப் பலன் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். டயர் பக்கவாட்டில் 255/65 ஆர் 18 என்று இருந்தால், அகலம் 255 மி.மீ., சைடுவாலின் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 18 அங்குலம். கணக்குப் போட்டால் சைடுவால் ஏறத்தாழ 166 மி.மீ., மொத்த விட்டம் 789 மி.மீ. 2020-இல் வந்த தாரின் மேல் வேரியன்ட்டில் இருந்தது இந்த அளவு. அதே வண்டியின் கீழ் வேரியன்ட்டில் 245/75 ஆர் 16: சைடுவால் 184 மி.மீ., மொத்த விட்டம் 774 மி.மீ. இரண்டுக்கும் வெளி விட்டத்தில் வித்தியாசம் 2 விழுக்காடுகூட இல்லை. ஆனால் விலை குறைந்த வண்டியின் டயரில் ரப்பர் உயரம் 18 மி.மீ. அதிகம். பாறை விளிம்பில் ஏறும்போது மடிந்து கொடுத்து ரிம்மைக் காப்பதும், காற்றை இறக்கினால் நீண்டு படிந்து மணலில் பிடிப்பதும் அந்த உயரம்தான். ஆக, கரடுமுரடுக்குப் போகிறவருக்குப் பெரிய ரிம் வேண்டாம். சின்ன ரிம்மும் உயரமான சைடுவாலும் வேண்டும். ஷோரூமில் பளபளக்கும் பெரிய அலாய் வீல் நகரச் சாலைக்கானது. கீழ் வேரியன்ட்டை வாங்கிவிட்டு அதை மேல் வேரியன்ட் போலக் காட்டப் பணம் செலவழிப்பவர்கள், ஆஃப்ரோடு கணக்கில், காசு கொடுத்துத் தரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இனி எதிர்த்திசை. ஜிம்னியின் கம்பெனி அளவு 195/80 ஆர் 15, விட்டம் 693 மி.மீ. இதில் பலர் ஆசைப்படுவது 31 அங்குல டயர், அதாவது சுமார் 787 மி.மீ. விட்டத்தில் 94 மி.மீ. கூடினாலும் வண்டியின் அடிப்பகுதி உயர்வது அதில் பாதிதான், 47 மி.மீ. அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சக்கரம் 13.6 விழுக்காடு பெரிதாகிவிட்டதால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 91-இல் ஓடுகிறது. உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதே ஸ்பீடோமீட்டர் தரவிதிகளின் அடிப்படை. பிரேக் அதே பிரேக். ஆனால் அதே மிதிப்புக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை குறைகிறது. மலையேறக் கைகொடுக்கும் 2.0 என்ற லோ ரேஞ்ச் விகிதம் 1.76 ஆனதுபோல் பலவீனமாகிறது. ஏறுவதற்காகப் போட்ட டயர் ஏறும் திறனையே தின்கிறது. டயர் உரசாமல் இருக்க இன்னும் 50 மி.மீ. லிஃப்ட் கிட், வெளியே தள்ளி நிற்க ஸ்பேசர் அல்லது ஆஃப்செட் குறைந்த ரிம் என்று சேர்த்தால், வண்டியின் எடைமையம் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு உயர்கிறது. வீல் பேரிங்கும் ஸ்டீயரிங் இணைப்புகளும் வடிவமைப்பில் இல்லாத சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத இவ்வகை வண்டிகளில் முன்னும் பின்னும் டயர் விட்டம் மாறினால் 4x4 போட்டவுடன் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும். ஐந்தாவது டயரை மட்டும் பழைய அளவில் விட்டு வைப்பவர்கள் பஞ்சர் ஆகும் நாளில்தான் இதை உணர்வார்கள்.

அளவைவிடக் கவனிக்க வேண்டிய எண்கள் வேறு இருக்கின்றன. அளவை அடுத்து வரும் 96எஸ் போன்ற குறியில் 96 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயருக்கு 710 கிலோ. எஸ் என்றால் 180 கி.மீ. வேகம் வரை. மட் டெரெய்ன் டயர்களில் 160 கி.மீ. என்ற கியூ குறியே அடிக்கடி தென்படும். புது டயரின் சுமைக் குறியீடு கம்பெனி டயருடையதைவிட ஒருபோதும் குறையக் கூடாது. நான்கிலக்கத் தேதிக் குறியில் 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். பிறகு காற்று. சாலையில் 30 பி.எஸ்.ஐ. சுற்றளவில் ஓடும் டயரை மணலில் 16, 18 வரை இறக்கினால் கிடைக்கும் பிடிப்பை, அளவை ஒரு படி ஏற்றினாலும் எளிதில் பெற முடியாது. செலவு ஒரு சின்ன கம்ப்ரஸர். தார்ச் சாலைக்குத் திரும்பும்முன் காற்றை மறுபடி ஏற்றாவிட்டால் டயர் சூடேறிப் பிய்ந்துபோகும்.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி.யில் டயர் அளவு பெரும்பாலும் அச்சிடப்படுவதே இல்லையே, அப்புறம் எங்கே மீறல் என்று கேட்பவர்கள் உண்டு. வாதம் முழுக்கப் பொய்யல்ல. 52ஆவது பிரிவை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் இடம் இருக்கிறது. ஆனால் பாகங்களைப் புதிதாகப் பொருத்துவதையும் 182ஏ தன் வலைக்குள் சேர்த்திருக்கிறது. டயர் மட்கார்டுக்கு வெளியே நின்றால் வண்டியின் அகலமே மாறிவிடுகிறது. 3 விழுக்காடு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று கடைகளில் சொல்வதும் ஒரு பொறியியல் கைக்கணக்கு, சட்டம் தந்த சலுகை அல்ல. தெருவில் நூறு வண்டி அப்படித்தான் ஓடுகிறது, யாரும் பிடிப்பதில்லை என்பது இன்னொரு பதில். போக்குவரத்துக் காவலர் பிடிக்காமல் போகலாம்தான். வண்டி கவிழ்ந்த மறுநாள் வரும் காப்பீட்டு சர்வேயர் டயர் அளவைக் குறிக்காமல் போக மாட்டார்.

கம்பெனி சொன்ன அளவு மட்டும் வேதவாக்கா என்ற கேள்விதான் இவற்றில் வலுவானது. இல்லை என்பதற்கு அமெரிக்காவின் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் விவகாரம் சாட்சி. ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேலடுக்கு பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் குறைவு என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 271 மரணங்கள் அதனுடன் இணைத்துப் பேசப்பட்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். நிறுவனங்களும் தவறும். ஆனால் திரும்பப் பெறும்படி அவர்களை நெருக்க முடிந்தது ஏன்? அது வண்டியோடு வந்த டயர், அவர்களே பரிந்துரைத்த காற்று. இந்தியாவிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87ஆவது பிரிவோ, தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர்மீது தயாரிப்புப் பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. நீங்களே மாற்றிய அளவுக்கு ரீகால் வராது, வழக்கும் நிற்பது கடினம்.

காப்பீட்டில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பணம் தராமல் நிறுவனம் ஒதுங்கக்கூடிய காரணங்களைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. டயர் அளவு என்று தனியாக அதில் எதுவும் இல்லை. சிக்கல் உங்கள் வண்டியின் சேதத்துக்கான கிளெய்மில்தான். ஒப்புதலுள்ள அளவுக்குள் டயர், ரிம் மாற்றினாலும் எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் குறிப்புச் சேர்த்துக்கொள்வது நல்லது. அளவை மீறிவிட்ட நிலையில் கிளெய்ம் மறுக்கப்பட்டாலும் உடனே கைவிட வேண்டியதில்லை. விபத்துக்கும் டயருக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் காரணம் கேளுங்கள். நின்ற வண்டியின் பின்னால் லாரி மோதியதற்கு டயர் அளவு காரணமாகாது. நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுதாக மறுக்காமல் 75 விழுக்காடு வரை தரும் முறை உண்டு என்பதை 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். செலவில்லை, வக்கீல் வேண்டாம்.

டயர் கடைக்காரரையும் இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது. இது உங்கள் வண்டிக்குப் பொருந்தும், வாரண்டி போகாது என்று சொல்லி விற்பவர், அந்தச் சொல்லைப் பில்லில் எழுதித் தரட்டும்: வண்டியின் மாடல், டயர் அளவு, சுமைக் குறியீடு, தேதிக் குறி, ரிம்மின் ஆஃப்செட். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. எழுதிக் கொடுத்தது பொய்யானால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கழற்றிய டயரையும் ரிம்மையும் அதுவரை பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருங்கள்; ஆணையம் ஆய்வுக்கு அனுப்பச் சொன்னால் அவைதான் சாட்சி.