இரண்டாம் வருஷத்துக் கணக்கு

2017 டிசம்பர் 10. லாஸ் ஏஞ்சலிஸ் கொலீசியம் மைதானம். ஆட்டத்தின் மூன்றாம் பகுதி. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் கார்சன் வென்ட்ஸ் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கித் தலைகுப்புறப் பாய்கிறார். எதிரணிக்காரர்கள் வந்து மோதுகிறார்கள். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் ஈகிள்ஸ் வீரர் ஒருவர் எதிராளியைப் பிடித்து நிறுத்தினார் என்று நடுவர் கொடியை வீச, புள்ளிகள் ரத்தாகின்றன.

அந்த மோதலில் வென்ட்ஸின் இடது முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. அவர் வெளியே போகவில்லை. இன்னும் நான்கு முறை பந்தை வாங்கினார். நான்காவது முறை, ஓட வழியில்லாத காலோடு நின்ற இடத்திலிருந்து எறிந்தார். ஆல்ஷான் ஜெஃப்ரி எல்லைக்கோட்டுக்கு அப்பால் அதைப் பிடித்தார். டச் டவுன். அந்த சீசனில் வென்ட்ஸ் எறிந்த 33வது டச் டவுன் அது. 1961இல் சன்னி ஜர்கன்சன் எறிந்த 32தான் அதுவரை ஈகிள்ஸ் அணியின் உச்சம். 56 வருஷம் நின்ற சாதனை, ஒற்றைக்காலில் நின்ற ஓர் இளைஞரிடம் விழுந்தது. பிறகுதான் அவர் உடைமாற்றும் அறைக்கு நடந்து போனார்.

அன்று எதிர்ப்பக்கம் ராம்ஸ் அணிக்காக எறிந்துகொண்டிருந்தவர் ஜாரெட் காஃப். 2016இல் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துக்குக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாகக் காஃப் போனார், இரண்டாவது ஆளாக வென்ட்ஸ். இருவரையும் அடைவதற்காக இரண்டு அணிகளும் வேறு அணிகளுக்குத் தங்கள் எதிர்காலத் தேர்வு உரிமைகளை அள்ளிக் கொடுத்து வரிசையில் முன்னுக்கு வந்திருந்தன. இப்போது இருவருக்கும் இரண்டாம் வருஷம். ஈகிள்ஸ் 12 ஆட்டங்களில் 10 வென்றிருந்தது, ராம்ஸ் 9.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னொரு நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வருவது குவாட்டர்பேக்கின் கைக்கு. வந்ததிலிருந்து அவருக்கு இரண்டரை, மூன்று விநாடிதான். அதற்குள் எதிரணித் தடுப்பு எப்படி விரிகிறது என்று படிக்க வேண்டும், நாலைந்து பேரில் யார் தனியாக இருக்கிறார் என்று பார்க்க வேண்டும், மேலே வந்து விழப்போகும் நூற்றைம்பது கிலோ ஆளைப் பொருட்படுத்தாமல் எறிய வேண்டும். கல்லூரியில் இதை அழகாகச் செய்தவர்கள் பலர் தொழில்முறை ஆட்டத்தின் முதல் வருஷத்தில் திணறிப்போகிறார்கள். ஆகவே அங்கே ரசிகர்கள் ஒவ்வொரு கோடையிலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இரண்டாம் வருஷத்தில் இவர் தேறுவாரா?

2017 கோடையில் இந்தக் கேள்வி இந்த இருவரைச் சுற்றியே சுழன்றது.

காஃபின் முதல் வருஷம் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் ஒன்பது ஆட்டங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசி ஏழில் இறங்கினார், ஏழும் தோல்வி. எறிந்த 205 பந்துகளில் 112தான் போய்ச் சேர்ந்தன. டச் டவுன் 5, எதிரணி பறித்தது 7. அந்த ஏழு ஆட்டங்களுக்குள் 26 தடவை பந்தோடு சேர்த்துத் தரையில் சாய்க்கப்பட்டார். அணியே அந்த ஆண்டு 224 புள்ளிகள்தான் எடுத்தது. லீக்கில் அதுதான் கடைசி. பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் சீசன் முடியுமுன்பே வேலையை இழந்தார். முதலிடத்தில் எடுத்த பையன் தேறமாட்டான் என்று எழுதித் தள்ளினார்கள்.

அப்படி எழுதியவர்கள் அவருடைய கல்லூரிக் கதையை எடுத்துப் பார்த்திருக்கலாம். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வயதில் முதல் வருஷமே ஆட வந்தபோது அவர் அணி 12 ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றது. அடுத்த ஆண்டு அவருடைய டச் டவுன்கள் 18இலிருந்து 35 ஆயின. அடிவாங்கிக்கொண்டே கற்கிற பழக்கம் அந்த மனிதருக்குப் புதிதல்ல. முகத்தில் எதையும் காட்டாமல் மறுபடி எழுந்து நிற்பார். இந்தக் குணத்துக்கு எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இடம் இல்லை.

வென்ட்ஸின் முதல் வருஷம் வேறு மாதிரி ஏமாற்றியது. வடக்கு டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் ஊர்க்காரர். பெரிய பல்கலைக்கழகங்கள் ஆடும் பிரிவில்கூட ஆடாதவர். அவரை ஒரு வருஷம் உட்காரவைத்துப் பழக்குவதாகத்தான் ஈகிள்ஸ் திட்டம். ஆனால் மினசோட்டா அணியின் குவாட்டர்பேக் முழங்காலில் பலத்த காயம்பட்டு விழ, அந்த அணி ஈகிள்ஸின் மூத்த வீரர் சாம் பிராட்ஃபோர்டை விலை கொடுத்து வாங்கிப் போனது. சீசன் தொடங்க எட்டு நாள் இருக்கும்போது வென்ட்ஸ் முதன்மை வீரர் ஆனார். முதல் மூன்று ஆட்டமும் வெற்றி. அந்த மூன்று ஆட்டங்களில் ஒரு பந்தைக்கூட எதிரணி பறிக்கவில்லை. பிலடெல்பியா நகரமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பிறகு சரிவு. 7 வெற்றி, 9 தோல்வி என்று சீசன் முடிந்தது. 16 டச் டவுனுக்கு 14 பறிப்பு. கால் ஊன்றும் விதம் குலைந்து, பந்து ஆட்களின் தலைக்கு மேலே பறந்தது. எறிந்ததோ 607 தடவை. ஒரு புதியவரின் தோளில் அவ்வளவு பாரத்தை ஏற்றியிருக்கக் கூடாது.

இனி இரண்டாம் வருஷம்.

ராம்ஸ் 2017 ஜனவரியில் ஷான் மெக்வேயைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. வயது 30. லீக்கின் நவீன வரலாற்றில் அத்தனை இளம் வயதில் யாரும் அந்தப் பொறுப்புக்கு வந்ததில்லை. அவர் செய்ததை நினைத்தால் எனக்கு வீடு கட்டும் கொத்தனார் ஞாபகம் வருகிறது. முதலில் சுவர். காஃபின் இடப்பக்கத்தைக் காக்க சின்சினாட்டியிலிருந்து 35 வயது ஆண்ட்ரூ விட்வொர்த்தைக் கூட்டிவந்தார்கள். நடுவில் ஜான் சல்லிவன். பந்து பிடிக்க ராபர்ட் வுட்ஸ், சாமி வாட்கின்ஸ். கூடவே புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கூப்பர் கப். முந்தைய ஆண்டு ஏழு ஆட்டங்களில் 26 தடவை வீழ்ந்தவர், இந்த ஆண்டு பதினைந்து ஆட்டங்களிலும் சேர்த்து வீழ்ந்தது 25 தடவை.

அடுத்தது கண். பந்தை ஓட்டக்காரர் டாட் கர்லியிடம் கொடுப்பதுபோல் காஃப் பாவனை காட்டுவார். கர்லிக்குப் பயந்த எதிரணி ஓரடி முன்னால் வரும். அந்த ஓரடியில் பின்னால் திறக்கும் இடத்துக்குள் பந்து போய்விடும். ஒரே மாதிரி வரிசையில் நின்று பத்து விதமான ஆட்டம் ஆடினார்கள். எதிரணிக்குப் படிக்கத் தடுமாற்றம், காஃபுக்குப் படிக்கச் சுலபம்.

இன்னொன்றும் உண்டு. குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்தில் ஒரு ஒலிபெருக்கி இருக்கும். பயிற்சியாளர் அதன் வழியே பேசலாம். ஆட்டக் கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சும்போது இணைப்பு அறுந்துவிடும். மெக்வே அணியை விறுவிறுவென்று வரிசையில் நிற்கவைத்துவிடுவார். எதிரணியும் வேறு வழியின்றித் தன் வியூகத்தைக் காட்டிவிடும். இணைப்பு அறும்வரை, தான் பார்த்ததைக் காஃபின் காதில் சொல்லிக்கொண்டிருப்பார். விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் விஷயம் வெளியே வந்ததும் கேலி கிளம்பியது: ஆடுவது காஃப் இல்லை, மெக்வேதான் என்று.

அந்தக் கேலி அப்போதே எனக்கு அநியாயமாகப் பட்டது. காதில் யார் என்ன சொன்னாலும் இணைப்பு அறுந்த பிறகு வருகிற மூன்று விநாடி காஃபுடையது மட்டும்தானே? முதல் ஆட்டத்தில் இண்டியானாபொலிஸை 46–9 என்று நொறுக்கி, 306 யார்டு எறிந்தார். நவம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக 33 யார்டு தேவைப்பட்ட மூன்றாம் வாய்ப்பில் ராபர்ட் வுட்ஸுக்கு ஒரு சின்னப் பந்தைப் போட்டுக் கொடுத்தார். அது 52 யார்டு ஓடி டச் டவுன் ஆனது. சீசன் முடிவில் 3,804 யார்டு, 28 டச் டவுன், பறிப்பு 7 மட்டும். ராம்ஸ் 478 புள்ளிகள் எடுத்தது. போன வருஷம் லீக்கிலேயே குறைவான புள்ளி எடுத்த அணி, இந்த வருஷம் லீக்கிலேயே அதிகம் எடுத்தது. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் தொடங்கிய பின் அதுவரை எந்த அணியும் அப்படிக் கடைசியிலிருந்து முதலுக்கு ஏறியதில்லை.

வென்ட்ஸின் தேர்ச்சியை அளக்கப் போனால் எண்கள் முதலில் குழப்பும். முதல் வருஷம் அவர் எறிந்ததில் 62.4 சதவீதம் ஆட்களைப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் வருஷம் 60.2தான். கீழே இறங்கியிருக்கிறது! ஆனால் ஒரு எறிதலுக்கான சராசரி 6.2 யார்டிலிருந்து 7.5க்குப் போனது. 607 எறிதலில் 16 டச் டவுன் எடுத்தவர், 440 எறிதலில் 33 எடுத்தார். பறிப்பு 14இலிருந்து 7 ஆகப் பாதியானது. பக்கத்தில் நிற்பவருக்குப் பத்திரமாகக் கொடுத்து சதவீதத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பயந்த ஆட்டத்தை அவர் விட்டுவிட்டார் என்பதுதான் இதன் பொருள். தூரமாக எறிந்தார், சரியான நேரத்தில் எறிந்தார், கூடாத இடத்தில் எறியாமலிருக்கக் கற்றார். அவருக்கும் துணை வந்தது. ஜெஃப்ரியும் டோரி ஸ்மித்தும் பந்து பிடிக்க வந்தார்கள், லெகாரெட் பிளவுன்ட் ஓட வந்தார். பயிற்சியாளர்கள் டக் பீடர்சனும் ஃபிராங்க் ரைக்கும் முன்னாள் குவாட்டர்பேக்குகள். பையனின் கஷ்டம் தெரிந்தவர்கள்.

ஆனாலும் நினைவில் நிற்பது அந்தத் துணை எதுவும் இல்லாத நொடிகள்தான். அக்டோபர் 23, வாஷிங்டனுக்கு எதிராகத் திங்கள் இரவு ஆட்டம். மூன்றாம் வாய்ப்பு, எட்டு யார்டு வேண்டும். நாலு பக்கமும் ஆட்கள் வந்து வென்ட்ஸை மூடிவிட்டார்கள். ஆள் கண்ணுக்கே தெரியவில்லை. சாய்த்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்த வேளையில் அந்தக் குவியலுக்குள்ளிருந்து வெளியே வந்து 17 யார்டு ஓடினார். இதை யாரும் வரைபலகையில் எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது.

இங்கேதான் 2017இல் பெரும்பாலோர் ஒரு முடிவுக்கு வந்தார்கள், நானும்தான். வென்ட்ஸின் தேர்ச்சி அவருடைய சொந்தச் சொத்து. எந்த அணிக்குப் போனாலும் கூடவே வரும். காஃபின் தேர்ச்சி மெக்வே கொடுத்த கடன். மெக்வே இல்லையென்றால் கரைந்துவிடும். டிசம்பர் 10 ஆட்டமும் அதையே சொல்வதுபோல் இருந்தது. கிழிந்த காலோடு வென்ட்ஸ் டச் டவுன் எறிந்தார். முழுத் தெம்போடு இருந்த காஃபின் கையிலிருந்து, ஆட்டம் முடியும் கட்டத்தில் ஈகிள்ஸின் கிறிஸ் லாங் பந்தைத் தட்டிவிட்டார். வென்ட்ஸுக்குப் பதில் இறங்கிய நிக் ஃபோல்ஸ் மிச்சத்தை முடித்தார். ஈகிள்ஸ் 43, ராம்ஸ் 35. அதே ஃபோல்ஸ் 2018 பிப்ரவரி 4 அன்று நியூ இங்கிலாந்தை 41–33 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பையைப் பிலடெல்பியாவுக்கு முதன்முறையாகக் கொண்டுவந்தார்.

பின்னால் நடந்தது எங்கள் கணக்கைத் தலைகீழாக்கியது.

வென்ட்ஸ் மறுபடி 33ஐ எட்டவே இல்லை. முழங்காலுக்குப் பிறகு முதுகு. 2020இல் 12 ஆட்டங்களில் 50 தடவை வீழ்ந்தார், 15 பந்துகளைப் பறிகொடுத்தார், நடுவிலேயே ஜேலன் ஹர்ட்ஸுக்கு இடம்விட்டார். குவியலுக்குள்ளிருந்து வெளியே வரும் அந்த மாயத்தைத்தான் அவர் அப்போதும் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. பந்தை விட்டுவிட வேண்டிய நேரத்தில் இன்னும் அரை விநாடி வைத்திருப்பார். அந்த அரை விநாடி 2017இல் அவரைக் காப்பாற்றியது, 2020இல் தரையில் தள்ளியது. தப்பிக்கிற திறமை உடம்பை நம்பியது. உடம்பு தளரும்போது அதன் இடத்தை நிரப்ப வேறொரு பழக்கம் தயாராக இருந்திருக்க வேண்டும். இவ்வளவு அபாரமான இளைஞருக்கு அது கைகூடாமல் போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

காஃப் அடுத்த ஆண்டு ராம்ஸை சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். அங்கே 13–3 என்று தோற்றார். 2021இல் அதே மெக்வேயின் அணி அவரை டெட்ராய்ட்டுக்கு அனுப்பியது. அவரோடு இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்து, மாற்றாக மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கிக்கொண்டது. கேலி செய்தவர்கள் சொன்னது உறுதியாகிவிட்டதுபோல் தெரிந்தது. டெட்ராய்ட்டில் முதல் வருஷம் வெற்றிகள் மூன்றுதான்.

ஆனால் கடன் என்று நாங்கள் நினைத்தது அவருடைய கையில் ஒட்டியிருந்தது. பாவனை காட்டித் திரும்பும் கால், இரண்டாவது விநாடியில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண், விழுந்தபின் முகம் மாறாமல் எழும் அந்தப் பழைய பெர்க்லி வழக்கம். சுவர் சரியாக எழுந்ததும் எல்லாம் திரும்பி வந்தன.

2024 ஜனவரி 14. டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டு. வெளியேற்றச் சுற்று ஆட்டம். எதிரணி ராம்ஸ், ஓரத்தில் நின்றவர் மெக்வே, எதிர்க் குவாட்டர்பேக் ஸ்டாஃபோர்டு. அந்த ஊர் 32 வருஷமாக அந்தச் சுற்றில் ஒரு வெற்றி பார்த்ததில்லை. காஃப் 27 பந்து எறிந்தார், 22 போய்ச் சேர்ந்தன. கடைசி இரண்டு நிமிடம், டெட்ராய்ட் 24, ராம்ஸ் 23. ஒன்பது யார்டு வேண்டும். எடுத்துவிட்டால் ராம்ஸுக்குப் பந்து திரும்பக் கிடைக்காது. காஃப் பின்வாங்கினார், பார்த்தார், அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கு எறிந்தார். பதினோரு யார்டு. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று காஃபின் பேரைச் சொல்லிக் கத்தியது.