ஐந்து கையெழுத்தும் ஒரு பரிந்துரையும்

புதுச்சேரி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் ஆடித் தேரோட்டத்தில் ஆளுநர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம், இன்றும் தொடர்கிறது. அந்த ஆட்சிக்காலத்தின் எச்சங்களில் கண்ணுக்குத் தெரிவது இது. அவ்வளவாகக் கண்ணில் படாத இன்னொன்றும் உண்டு: பிரிட்டிஷ் போலீஸ் தேடிய எழுத்தாளர்களுக்குப் புதுச்சேரி இடம் கொடுத்தது. அந்த வரலாற்றைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம் அதன் பாடத்தை மறந்துவிடுகிறோம். சிறைக்குள் போன, போகவிருந்த எழுத்தாளருக்குத் துணை நிற்பதும் புதிதாக எழுத வருபவரைக் கைதூக்கிவிடுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள். ஒன்றை விட்டால் மற்றது தள்ளாடும்.

1908இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியா' வார இதழ்மீது அரசு ராஜதுரோக வழக்குத் தொடுத்தது. இதழின் குரல் பாரதியுடையது. ஆனால் ஏடுகளில் பொறுப்பாளராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசனுக்குத்தான் ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது. பாரதி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் தாராளமானது என்பதால் அவ்வருடமே இதழ் இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதை நுழையவிடாமல் தடுத்ததும் இதழ் 1910இல் நின்றுபோனது. சட்டம் தங்க இடம் கொடுத்தது, அவ்வளவுதான். ஆளைக் காப்பாற்றியது ஊர்க்காரர்கள். அயலார் இங்கே தங்க வேண்டுமானால் உள்ளூர்ப் பிரமுகர் ஐவரின் சான்று வேண்டும் என்று 1911இல் விதி வந்தது. ஒற்றர்கள் தெருத்தெருவாகச் சுற்றிய அந்த நாளில் கையெழுத்துப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். ஆனாலும் அரவிந்தருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்திருந்த கலவை சங்கர செட்டியார் போன்றவர்கள் முன்னின்று அந்தக் காரியத்தை முடித்துக் கொடுத்தார்கள். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அறியப்பட்ட வீட்டுக்காரர் பாரதியை வாடகை கேட்டு நெருக்கவில்லை. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகமும் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் அந்த நிழலில்தான் எழுதப்பட்டன.

நிழல் கிடைத்தவரே பிறருக்கும் நிழல் கொடுத்தார். கனக சுப்புரத்தினம் அப்போது அரசுப் பள்ளித் தமிழாசிரியர். மரபு யாப்பு கைவந்தவர். நண்பர்கள் சூழ்ந்திருந்தபோது அவரை ஒரு பாட்டு எழுதச் சொன்னார் பாரதி. எழுதியதைப் பாராட்டியதோடு விடாமல், இவர் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று குறிப்பெழுதிச் சுதேசமித்திரன் இதழுக்கு அனுப்பி வைத்தார். அந்த ஆசிரியர் பாரதிதாசன் ஆனார். பாரதிதாசனிடம் பள்ளியில் படித்தவர் வாணிதாசன். சுப்புரத்தினத்தின் தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவர் சுரதா. திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்திருப்பார்களே என்று கேட்கலாம். வந்திருக்கலாம். ஆனால் எழுதத் தெரிந்தவருக்கு எதை எழுதலாம் என்ற துணிச்சலும், எழுதியதை வாசிப்பவர் கைக்குக் கொண்டுசேர்க்கும் வழியும் தானாக வந்துவிடுவதில்லை. பாரதி கொடுத்தது அவ்விரண்டையும். 1908இல் அவர் பிடிபட்டிருந்தால் அதைக் கொடுக்க ஆள் இருந்திருக்காது.

சிறைதான் நல்ல இலக்கியத்தைப் பிறப்பிக்கிறது, அதில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. வ.உ.சி. சிறையில் ஜேம்ஸ் ஆலனின் எழுத்தைத் தமிழாக்கினார், வ.வே.சு. ஐயர் பெல்லாரிச் சிறையில் கம்பராமாயண ஆராய்ச்சி எழுதினார். இவை பிழைத்து வந்தவர்களின் கணக்கு. சுப்பிரமணிய சிவாவைச் சிறை தொழுநோயாளியாக வெளியே அனுப்பியது. பாரதியே 1918இல் புதுவையை விட்டுப் புறப்பட்டதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைபட்டார். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் வெளியே வந்தார், எழுதுவதைப் போலீஸ் அதிகாரியின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கெடுபிடி கவிஞரை வளர்க்கும் என்றால் அவருடைய பெரும் படைப்புகள் அதற்குப் பின்னால் வந்திருக்க வேண்டும். வந்தவையோ அதற்கு முன்னால்.

எழுத்தாளருக்கு மட்டும் தனிச் சட்டமா என்பது இதைவிட நியாயமான கேள்வி. வேண்டியதில்லை. 1921இல் லண்டனில் தொடங்கிய பென் எழுத்தாளர் அமைப்பு 1960 முதல் சிறைப்பட்ட எழுத்தாளருக்காகத் தனிக்குழு வைத்திருக்கிறது. வன்முறையைத் தூண்டுவோருக்காக அது வாதாடுவதில்லை. ஆனால் தூண்டினாரா என்பதைப் புத்தகத்தைப் படித்துத்தானே சொல்ல முடியும்? இலங்கைக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். அதில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்தன. அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உலகின் முன் வைத்தார்கள் அக்கறையுள்ளவர்கள். 2021 டிசம்பரில் பிணை, 2023இல் விடுதலை. ஓராண்டுக்கு மேல் ஓர் இளைஞர் உள்ளே கிடந்தார். அதைப் பார்த்துக் கவிதை எழுதுவதை நிறுத்திக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

நவம்பர் 15 சிறைப்பட்ட எழுத்தாளர் நாள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதிக்கும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசனுக்கும் அரசு நினைவில்லங்கள் உள்ளன. அன்று அவ்விடங்களில் பள்ளி மாணவர் தங்கள் கவிதைகளோடு, வழக்கில் சிக்கிய ஒருவரின் எழுத்தையும் வாசிக்கலாம். அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம். அவர் புத்தகத்தை நூலகங்கள் வாங்கி வைக்கலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். மறைந்த கவிஞர்களுக்கு மாலை போடுவதில் ஒருவருக்கும் நட்டமில்லை. உயிரோடு இருக்கும் எழுத்தாளருக்காகத் தன் பெயரைக் காகிதத்தில் வைக்கும் ஐந்து பேர் ஊருக்குள் இருக்கிறார்களா என்பதே கேள்வி. 1911இல் இருந்தார்கள்.